சபதத் தாடிக்கு எண்ணெய்

தாடிக்கு என்ன எண்ணெய் போடுறீங்க தம்பி?

கேட்டது தப்பில்லையே. கம்பத்துல பஸ் ஏறுனதுலருந்து பாக்குறேன், சொறிஞ்சுக்கிட்டே வர்றீங்க. கன்னத்தச் சொறியுறீங்க, தாடைக்கடியில சொறியுறீங்க, சட்டையில பூராம் பொடுகு. கம்பெனி எண்ணெய்தான? சின்னக் குப்பியில, சொட்டுச் சொட்டா விடுறதுக்கு மூடியிலயே குழாய் வச்சிருக்குமே, அதான? எங்க அக்கா மகன் பவுன்ராசு எனக்கும் அதத்தான் வாங்கிட்டு வந்தான். தெறந்தா வாசனை தெருமுக்கு வரைக்கும் போகுது. மறஞ்சு நிக்கப் போறவனுக்கு வாசனை எதுக்குங்கிறேன். தூக்கி வீசிட்டேன்.

கொஞ்சம் சன்னல் பக்கம் தள்ளுங்க. பை ஒங்க கால இடிக்குது. அது ஒண்ணுமில்ல, தோட்டத்துச் சாமான்.

கரண்டு ஆபீஸுங்களா? கையில மிசின் வச்சிருக்கீங்களே, அதான் கேட்டேன். வெம்பக்காட்டுக்கு டிக்கெட் கேட்டது காதுல விழுந்துச்சு. நானும் அங்கதான் போறேன். ரீடிங் எடுக்குறதுன்னா வீட்டுக்கு வீடு போவீங்க. நல்ல வேலை. எதுக்கு வந்தன்னு ஒருத்தனும் கேக்க மாட்டான்.

எண்ணெய் விசயத்துக்கு வர்றேன். வெளக்கெண்ணெய் ஒரு பங்கு, தேங்காயெண்ணெய் ரெண்டு பங்கு. வெயில் காலத்துல நல்லெண்ணெய் கொஞ்சம் சேத்துக்கலாம். வெளக்கெண்ணெய மட்டும் போட்டா பிசுபிசுன்னு நிக்கும், ரோட்டுத் தூசி பூராம் அதுல வந்து அடையும். ரெண்டையும் கிண்ணத்துல ஊத்தி, கிண்ணத்தச் சுடுதண்ணியில வைக்கணும். நேரா அடுப்புல வச்சுறாதீங்க, காந்திரும். குளிச்சுட்டுத் தொடச்சு, லேசா ஈரம் இருக்கையில உள்ளங்கையில தேய்ச்சு, மயித்துக்குப் போடக் கூடாது தம்பி, தோலுக்குப் போடணும். விரலு உள்ள போகணும். மயிரு தானாக் குடிச்சுக்கிரும். ஒங்களுக்கு அரிக்கிறது தாடி இல்ல, அதுக்கடியில காஞ்சு கெடக்குற தோலு.

எனக்கு இதெல்லாம் பண்ணிவிட்டது எம்பொண்டாட்டி காமுத்தாய்.

நான் ஆசைக்குத் தாடி வச்ச ஆளு இல்ல. எம்பேரு சுருளிவேலு, திராட்சைத் தோட்டம் வச்சிருக்கேன், நாளு தவறாம மூஞ்சிய வழிச்சுட்டுப் போற ஆளு. இது சபதத் தாடி. காசிமாயன் வலது கைய எடுக்காம எம்மூஞ்சில கத்தி பட விட மாட்டேன்னு எங்க குலசாமி முன்னால சூடத்த அணைச்சுச் சொன்ன தாடி. காசிமாயன் யாருன்னு கேளுங்க. காமுத்தாயோட கூடப் பொறந்த அண்ணன். எனக்கு மச்சான்.

மூஞ்சி மாறுது பாருங்க ஒங்களுக்கு. மாத்தாதீங்க. சிரிச்சுக்கிட்டே கேளுங்க. கடைசி சீட்டுல மூணு பேரு ஒக்காந்திருக்காய்ங்க, அதுல செவப்புச் சட்டைதான் பவுன்ராசு. திரும்பாதீங்க. நம்ம ரெண்டு பேரும் தாடியப் பத்திப் பேசிக்கிட்டு வர்றோம், அம்புட்டுத்தான்.

நடந்தது என்னன்னா, காசிமாயன் பேரனுக்குக் காதுகுத்து. வெம்பக்காட்டுல பந்தல் போட்டு, கெடா வெட்டி, சுத்துப்பட்டு ஒறமொற பூராம் வந்திருச்சு. நான் அந்த வீட்டு மாப்ள. பந்தியில ஒக்காந்தேன். கறி வேகல. பல்லுல பிடிச்சு இழுத்தா ரப்பரு மாதிரி வருது. வேகலைன்னேன். வேகலைன்னா வேகலைன்னுதான சொல்லணும், பொய்யா சொல்ல முடியும்? பக்கத்துல அய்யங்காளை தொடையக் கிள்ளுறான், பேசாமத் தின்னுட்டு எந்திரி மாப்ளன்னு. அய்யங்காளை எஞ்சேக்காளி. டவுசர் போட்ட காலத்துலருந்து கூட்டு. அவன் தோட்டத்துக்கும் என் தோட்டத்துக்கும் ஒரே வேலி. அவன் எப்பவும் அப்பிடித்தான், அடங்குன பய.

நான் எலையத் தூக்கி எறிஞ்சேன். யார் மேலயும் எறியல. பொதுவா எறிஞ்சேன். அது கொழம்போட போயி காசிமாயன் பொண்டாட்டி மூஞ்சில அப்பிருச்சு. கண்ணு பூராம் மசாலு. அந்தப் பொம்பள ஏன் அங்கன வந்து நிக்கிது, அதுக்கு நானா பொறுப்பு? காசிமாயன் மகன் என்னையப் பிடிக்க வந்தான். ஒரு தள்ளுத்தான் தள்ளுனேன். கொழம்புக் கொப்பரையில போயிச் சாஞ்சுட்டான். முழங்கை வெந்துபோச்சு. லேசாத்தான்.

அதுக்கு அந்தாளு என்ன செஞ்சான் தெரியுமா? செருப்பக் கழட்டுனான். வலது கையில எடுத்தான். வீட்டு மாப்ளன்னு பாக்கல, வயசப் பாக்கல. காமுத்தாய் குறுக்க விழுந்தா, அவளத் தூக்கி அந்தப் பக்கம் போட்டுட்டு, இந்தக் கன்னத்துல ஒண்ணு, இந்தக் கன்னத்துல ஒண்ணு. மேளக்காரன் நிப்பாட்டிட்டான். அம்புட்டுச் சனமும் பாத்துக்கிட்டு நிக்கிது. ஒரு கறித்துண்டுக்காக ஒரு மனுசனச் செருப்பால அடிக்கலாமா? நீங்க படிச்சவுக, நீங்களே சொல்லுங்க.

அன்னைக்கே கோயிலுக்குப் போயிச் சூடத்த அணைச்சுட்டேன். எங்க வகையறாவுல அது ஒரு வழக்கம். சபதம் சொன்னவன் மூஞ்சில கத்தி படக் கூடாது. காரியத்த முடிச்சுட்டு வந்து அதே சாமி முன்னால எறக்கணும். முடிக்காம எடுத்தான்னா அவன எவனும் ஆளுன்னு மதிக்க மாட்டான், பந்தியில அவனுக்கு எலை போட மாட்டாக. எங்க அப்பாவுக்குச் சித்தப்பா ஒருத்தரு தாடியோடவே செத்தாரு. தாடியோடவே கொண்டுபோயிப் பொதச்சாக.

வச்சுட்டேனே ஒழிய, அரிப்பு தாங்கல தம்பி. திராட்சைக்கு மருந்து அடிக்கிறதப் பாத்திருப்பீங்க. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து, பந்தலுக்கடியில நின்னுக்கிட்டு அண்ணாந்து அடிக்கணும். அடிக்கிற மருந்துல பாதி தாடியிலதான் எறங்கும். தாடி நீலம் பாரிச்சு நிக்கும். சொறிஞ்சு சொறிஞ்சு புண்ணாகி, தலகாணியில ரத்தமும் நெணமும். அவங் கைய வெட்டுறதுக்கு முன்னால எந்தாடைய நானே வெட்டிப்புருவேன் போல இருந்துச்சு.

ஒரு நாள் சாயங்காலம் குளிச்சுட்டு வந்து ஒக்காந்தேன். காமுத்தாய் பேசாமக் கிண்ணத்தக் கொண்டாந்து வச்சா. காதுகுத்து முடிஞ்சு வந்ததுலருந்து எங்கிட்ட அவ சரியாப் பேசுறதில்ல. எந்தப் பக்கம் பேசுவா பாவம், அங்கிட்டு அண்ணன், இங்கிட்டு நான். எண்ணெய உள்ளங்கையில விட்டுத் தேய்ச்சு, எந்தாடைய ரெண்டு கையாலயும் பிடிச்சா. பிடிச்சு, விரல உள்ள விட்டு, புண்ணு எங்கெங்க இருக்குன்னு தடவித் தடவிப் பாத்துத் தேய்ச்சா.

"எரியுதா மாமா"ன்னா.

எரியலைன்னேன். எரிஞ்சுச்சு.

கல்யாணம் முடிச்சு இருவது வருசத்துக்கு மேல ஆச்சு தம்பி. புள்ளகுட்டி இல்ல. அவ எம்மூஞ்சியத் தொட்டது அன்னைக்குத்தான். காச்ச வந்தா நெத்தியில கைய வச்சுப் பாப்பா, அது வேற. இது வேற. எனக்குக் கண்ணு சொருகிருச்சு. சொல்றதுக்கு என்ன வெக்கம், அழுகையே வந்துச்சு. கண்ண மூடிக்கிட்டு, எண்ணெய் பட்டுருச்சுன்னு சொல்லிட்டேன்.

அதுக்கப்புறம் தெனம் சாயங்காலம் அந்தக் கிண்ணம் வந்துரும். புண்ணு ஆறிருச்சு. தாடின்னா தாடி, சும்மா கருகருன்னு எறங்கி, மினுமினுன்னு மினுங்குது. ஊருல சிரிப்பாச் சிரிச்சாய்ங்க. சபதக்காரன் தாடி சடைபிடிச்சுப் பேன் பத்திக் கெடக்கணும், இவன் என்னடா புது மாப்ள மாதிரி வளக்குறான்னு. அரிப்புக்குக் குப்பி வாங்கியாந்த பவுன்ராசுக்கே அது மானக்கேடாப் போச்சு. பூசாரியவே வீட்டுக்கு இழுத்துட்டு வந்துட்டான். அவரு எந்தாடியத் தடவிப் பாத்தாரு, மோந்து பாத்தாரு. "கத்திதான்ப்பா ஆகாது, எண்ணெயப் பத்திச் சாமி ஒண்ணும் சொல்லல"ன்னுட்டாரு. போகையில காமுத்தாய்கிட்ட, எதெது எம்புட்டுக் கலக்குறன்னு கேட்டுக்கிட்டுத்தான் போனாரு.

எண்ணெய் தேய்க்கையில வாய் தன்னால தொறந்துக்கிரும் தம்பி. அவ கேப்பா, நாளைக்கு மருந்தடிக்கணுமான்னு. இல்ல, காசிமாயன் வெள்ளனத்துல மோட்டாரு போட வருவானாம், அங்கதான் போறேன்னு சொல்லுவேன். கை ஒரு நிமிசம் நிக்கும். அப்புறம் பழையபடி ஓடும்.

போனோம். நானு, அய்யங்காளை, பவுன்ராசு, அவன் தம்பி ஈஸ்வரன், இன்னும் ரெண்டு பேரு. பனியில வாழைக்குள்ள குத்தவச்சுக் கெடந்தோம். தெனம் ஒத்தையில வர்ற மனுசன் அன்னைக்கு வரல. டிராக்டர்ல ஏழெட்டுப் பேரு கம்போட வந்து எறங்குனாய்ங்க, வாழைக்குள்ள டார்ச்சு அடிச்சாய்ங்க. வாய்க்காத் தண்ணியில படுத்துத் தவந்து வந்தோம். சரி, எப்பிடியோ தெரிஞ்சுபோச்சுன்னு விட்டோம். அடுத்து ஆட்டுச் சந்தையில பிடிச்சுருவோம்னு போனோம். வருசம் தவறாம வர்ற ஆளு, வரவேயில்ல.

அதுக்கடுத்து நான் ஒரு வேலை பண்ணேன். பவுன்ராசுகிட்ட சொல்லல, அய்யங்காளைகிட்டயும் சொல்லல. காமுத்தாய்கிட்ட மட்டும், தாடையக் குடுத்துக் கண்ண மூடிக்கிட்டு, நாளைக்கு அவன் பாலு ஊத்தப் போகையில சொசைட்டி முக்குல வச்சு வெட்டுறேன்னு சொன்னேன். சொல்லிட்டு நான் போகல. தூரக்க ஒரு புளியமரத்தடியில வண்டிய நிப்பாட்டிட்டுப் பாத்துக்கிட்டிருந்தேன். காசிமாயன் வரல. பால் கேனத் தூக்கிக்கிட்டு அவன் பொண்டாட்டி வருது, பின்னாடி அருவாளோட நாலு பேரு வர்றாய்ங்க.

வெளங்கிருச்சு எனக்கு.

கோவம் வராம இருக்குமா? வந்துச்சு. கழுத்தத் திருகிப்புடணும்னுதான் வீட்டுக்குப் போனேன். அவ அடுப்படியில கிண்ணத்தச் சுடுதண்ணியில வச்சுக்கிட்டிருந்தா. என்னையப் பாத்ததும் எடுத்துக்கிட்டு வந்துட்டா. நான் ஒக்காந்து தாடையக் குடுத்துட்டேன். என்னமோ, குடுத்துட்டேன். "போன காரியம் முடியலையா மாமா"ன்னா. முடியலைன்னேன். "அடுத்து எப்ப"ன்னா. சொன்னேன். நாளு, நேரம், எடம், யாரு யாரு வர்றாய்ங்க, எல்லாத்தையும் ஒண்ணு விடாமச் சொன்னேன்.

— அதான் தம்பி, சீயக்காய் போடவே கூடாது. வறட்டிப்புரும். பாசிப்பயத்த மாவு போட்டு அலசுனாப் போதும், எண்ணெய்ப் பிசுக்கும் போயிரும், தோலும் காயாது. இந்தா பவுன்ராசு, தண்ணி இந்த பாட்டில்ல இருக்கு, எடுத்துக்க. இந்தத் தம்பிக்குத் தாடியில ஒரே பொடுகு, அதான் சொல்லிக்கிட்டு வர்றேன்.

போயிட்டானா? நேராப் பாத்துக்கிட்டே பேசுங்க. என்னைய ஒத்தையில விட மாட்டேங்கிறான் பய.

எங்க விட்டேன்? ஆங். அதுக்கப்புறம் அப்பிடியே ஓடுச்சு. நல்லாத்தான் ஓடுச்சு. நான் இவகிட்டச் சொல்லுவேன். இவ பக்கத்து வீட்டுப் புள்ளகிட்ட போன் வாங்கி அண்ணனுக்குச் சொல்லிருவா. நாங்க போவோம், அவன் இருக்க மாட்டான், திரும்பி வருவோம். எவனுக்கும் ஒரு கீறல் இல்ல. அந்தாளு கைய எடுத்துட்டேன்னே வைங்க, அப்புறம் காமுத்தாய் எந்த மனசோட எம்மூஞ்சியத் தொடுவா? கோயில்ல போயி எறக்கிட்டா, தொடுறதுக்குத் தாடிதான் எங்க இருக்கு? சாகுற வரைக்கும் இப்பிடியே ஓட்டிறலாம்னு இருந்தேன். எங்க அப்பாவோட சித்தப்பாவும் அப்பிடித்தான் ஓட்டுனாரோ என்னமோ.

ஆனா காசிமாயன் இருக்கானே, அவனுக்குப் பத்தல. சேதி வந்துச்சா, ஒதுங்கிப் போயிரணும். அந்தக் கூறு வேணாமா? கரும்புக்காட்டுப் பாதையில நாங்க போயி மறையுறதுக்கு முன்னாலயே ஆள வச்சுக்கிட்டு அவன் மறஞ்சு நின்னுட்டான். பாதையில கால் வச்சதுதான் தெரியும். கம்பியும் கம்புமா விழுகுது. ஈஸ்வரன் மண்டையில ஒரு அடி, எந்திரிக்கிறதுக்குள்ள ஒருத்தன் அருவாள வீசிட்டான், காது பாதிக்கு மேல அந்து தொங்குது. அதைக் கையால பிடிச்சுக்கிட்டே ஓடுறான் பய. நானும் சும்மா வரல. ஒருத்தன் வாயில அருவாப் புறத்தாலயே குடுத்தேன், பல்லு நாலஞ்சு மண்ணுல கெடந்துச்சு. இன்னொருத்தன் வகுத்துல மிதிச்ச மிதியில ரத்தமா வாந்தி எடுத்தான். அய்யங்காளைதான் என்னைய இடுப்போட தூக்கிக்கிட்டு வெளிய வந்தான். அவன் முதுகு பூராம் வரிவரியாத் தடிச்சிருந்துச்சு. எனக்கு விழுக வேண்டிய அடி.

மறுநா மந்தையில கூடிட்டாய்ங்க. பவுன்ராசு கையில அருவாளோட நிக்கிறான். தம்பி காது போன ஆத்திரம். "நமக்குள்ள ஒரு ஆளு இருக்கு மாமா, ஒவ்வொரு தடவையும் அவனுக்குச் சேதி போகுது, இன்னைக்கு எனக்கு அந்த ஆளு வேணும்"ங்கிறான். கூட்டத்துல இருந்து ஒரு பய மொனங்குறான், "தெனம் சாயங்காலம் தாடையப் பிடிக்கிற கை எந்த ஊருக் கை"ன்னு. அம்புட்டுப் பேரும் திரும்பி எங்க வீட்டப் பாத்தாய்ங்க. மந்தைக்கு எதுத்தாப்லதான் வீடு. வாசல்ல காமுத்தாய் நிக்கிறா. பவுன்ராசு அவளப் பாத்தவன் பாத்தபடி நிக்கிறான், கண்ண எடுக்கல.

யாராவது ஒருத்தன் காட்டிக்குடுத்தவனா இருக்கணும்ல தம்பி? அந்த நிமிசத்துல, அந்த எடத்துலயே இருக்கணும். அய்யங்காளை எம்பக்கத்துல நின்னான். அவன் எப்பவும் எம்பக்கத்துலதான் நிப்பான். "இவன்தான்டா"ன்னு சொல்லிக்கிட்டே எங்கையில இருந்த அருவாளால அவன் முழங்காலுக்குப் பின்னாடி ஒரு வெட்டு வெட்டிட்டேன்.

அவன் கத்தல. அப்பிடியே ஒக்காந்துட்டான். நரம்பு போச்சு, காலு தன் பாட்டுல ஒரு பக்கம் திரும்பிக்கிருச்சு. என்னைய அண்ணாந்து பாத்து, எனக்கு மட்டும் கேக்குற மாதிரி, "நான் இல்லைன்னு ஒனக்குத் தெரியும்ல மாப்ள"ன்னான். தெரியும்னு அங்கன சொல்ல முடியுமா? இன்னொரு வெட்டு வெட்டுனேன். அப்பத்தான நம்புவாய்ங்க.

காமுத்தாய் ஓடியாந்தா. அவன் மேல விழுந்து கால இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, கையெல்லாம் ரத்தம், "வெட்ட வேண்டியது என்னையத்தான், நான்தான்"னு ஆரம்பிச்சுட்டா. ஊரே சுத்தி நிக்கிது. அவ அத முழுசாச் சொல்லி முடிச்சிருந்தா தலை அங்கயே உருண்டிருக்கும். வாயிலயே அடிச்சேன். திரும்ப வாயத் தெறந்தா. திரும்ப அடிச்சேன். உதடு கிழிஞ்சு பேச்சு வராமப் போச்சு. அவள நான் அடிச்சது அந்த ஒரு நாளுதான் தம்பி, சத்தியமா. முன்னப்பின்ன ஒரு அறை ரெண்டு அறை விழுந்திருக்கும், அது குடும்பம்னா எல்லா வீட்டுலயும் உள்ளதுதான்.

அய்யங்காளை ஆஸ்பத்திரியில, கவாத்து வெட்டையில கத்தி தவறிருச்சுன்னு சொல்லிட்டான். எம்பேரு அவன் வாயில வரல. நல்ல பய. இப்பக் கக்கத்துல கட்டைய ஊண்டித்தான் நடக்குறான். அவன் தோட்டத்தையும் நான்தான் பாத்துக்கிறேன். அவன் ஒண்ணும் மனசுல வச்சுக்கிறல. நான் போனா சுவத்துப் பக்கமாத் திரும்பிப் படுத்துக்கிருவான், அசதி.

இவதான் போயிட்டா. அன்னைக்கே, உதட்டுல துணிய வச்சு அமுக்கிக்கிட்டு, வெம்பக்காடு வரைக்கும் நடந்தே போயிருக்கா. அண்ணன் வீட்டுல இருக்கா. ஏன் போனான்னு எனக்கு இன்னும் வெளங்க மாட்டேங்குது. யாருக்காகச் செஞ்சேன்? அவ உசுரு நிக்கணும்னுதான செஞ்சேன்? அத நெனச்சுப் பாக்க வேணாமா ஒரு பொம்பள? ஆள் விட்டுக் கூப்புட்டேன், வரல. பூசாரிய விட்டுக் கூப்புட்டேன். "அந்தக் கையால எனக்கு ஒரு வாய்ச் சோறு இறங்காது"ன்னு சொல்லிவிட்டிருக்கா. எந்தக் கைன்னு கேட்டேன், ஒங்க கைதான்ப்பாங்கிறாரு பூசாரி.

இப்ப நானே தேய்ச்சுக்கிறேன். அதே எண்ணெய்தான், அதே பங்குதான். உள்ள எறங்க மாட்டேங்குது. மேலயே நிக்கிது.

தாடிய எடுத்துட்டா என்னவா? நல்லாக் கேட்டீங்க தம்பி. ஒங்களுக்கு அது மயிரு. வேணும்னா வைப்பீங்க, வேணாம்னா வழிப்பீங்க. எனக்கு அப்பிடி இல்ல. நான் வழிச்சுட்டு வந்தா மொதல்ல என்னைய வெட்டுறவன் பவுன்ராசுதான். தம்பிக்குக் காது போயிருக்குல்ல. அய்யங்காளைக்குக் காலு போயிருக்கு. இம்புட்டு ரத்தம் போனதுக்கப்புறம் கண்ணாடி முன்னால நின்னு வழிச்சுட்டு வர்றதா? மானம்னு ஒண்ணு இருக்குல்ல.

பவுன்ராசு நேத்து வந்து ஒக்காந்துட்டான். "காட்டிக்குடுத்தவன் மொடமாயிட்டான், அத்தையும் வீட்டுல இல்ல, இனிமே ஒனக்கு என்ன தடை மாமா"ன்னான். எல்லாம் விசாரிச்சு வச்சிருக்கான். காசிமாயன் மகன் மலைக்கு மாலை போட்டு ஆளுகளோட போயிட்டான். வீட்டுல இன்னைக்கு அவனும் அவன் பொண்டாட்டியும் காமுத்தாயும்தான். பகல்ல வருவோம்னு எவனும் நெனைக்க மாட்டான், ரீடிங் எடுக்கப் போற மாதிரி நேரா வாசல் வழியா உள்ள போயிரலாம்ங்கிறான். எம்போன அவன் வாங்கி வச்சுக்கிட்டான், சத்தம் கேட்டா காரியம் கெட்டுருமாம். பையில நாலு அருவா இருக்கு. ஆமா, இந்தப் பைதான். கால மெதுவா நகட்டிக்கோங்க, ஒண்ணும் பண்ணாது, சாக்குல சுத்தித்தான் வச்சிருக்கேன்.

பயப்படாதீங்க தம்பி. ஒங்கள ஒண்ணும் பண்ண மாட்டேன்.

இந்தத் தடவதான் நான் யாருகிட்டயும் சொல்லல. சொல்றதுக்கு யாரு இருக்கா? எப்பவும் போகையில, அவனுக்குத் தெரியும், அவன் இருக்க மாட்டான்னு ஒரு தைரியத்துல போவேன். இன்னைக்குத்தான் தெரியாமப் போறேன். தெரியாமப் போனா என்ன நடக்கும்? நடந்துரும். நானே நிப்பாட்டணும்னாலும் நிக்காது. ஒரு கையோடயும் போகாது. பவுன்ராசு கண்ணப் பாத்தீங்கள்ல, தண்ணி வாங்க வந்தப்ப. காமுத்தாய் சும்மா நின்னுக்கிட்டிருக்க மாட்டா, குறுக்க வந்து விழுவா. செருப்புக்கே வந்து விழுந்தவ. இவன் அருவாளுக்கு ஆள் தெரியாது. எனக்குப் பயமா இருக்கு தம்பி. நெசமாவே பயமா இருக்கு.

பாலம் வந்திருச்சு. அடுத்தது நம்ம ஸ்டாப்பு. நான் சொல்றத மட்டும் கேட்டுக்கோங்க.

எறங்குனதும் டீக்கடை இருக்கும். நான் பயலுகள அங்க நிப்பாட்டிருவேன். டீ சொல்லுவேன், வடை சுடச்சுடப் போட்டுத் தரச் சொல்லுவேன். வடை வேகுற வரைக்கும் பிடிச்சு வைப்பேன். அதுக்கு மேல என்னால ஆகாது. நீங்க மிசினத் தூக்கிக்கிட்டு நேராப் போங்க. தண்ணித் தொட்டியத் தாண்டி ரெண்டாவது சந்து, பச்சைக் கதவு, வாசல்ல ஒரு செவலை மாடு கட்டியிருக்கும். ரீடிங்னு சொன்னா உள்ள விடுவாக. பின்பக்கம் கொல்லை வழியாப் போனா மூணு பேரும் தென்னந்தோப்புக்குள்ள போயிரலாம்.

காசிமாயன்கிட்டச் சொல்ல வேணாம். அவன் கூறுகெட்டவன், அருவாளத் தூக்கிக்கிட்டு வாசலுக்கு வந்துருவான். காமுத்தாய்கிட்டச் சொல்லுங்க. கீழ் உதட்டுல தையல் போட்ட தடம் இருக்கும், பாத்தாலே தெரியும். அவ சொல்லிக்கிருவா. அவளுக்குப் பழக்கந்தான்.

யாரு சொல்லிவிட்டதுன்னு கேட்டா, யாரும் சொல்லிவிடலைன்னு சொல்லிருங்க. நான் எங்க சொல்லிவிட்டேன்? நான் சபதக்காரன், நான் எப்பிடிச் சொல்லிவிட முடியும்? பக்கத்துல ஒக்காந்து வந்தீங்க, பேசிக்கிட்டு வந்தேன்.

பவுன்ராசு எந்திரிச்சுட்டான். நீங்க முன் வாசல்ல எறங்குங்க, நாங்க பின்னாடி எறங்கிக்கிறோம். திரும்பிப் பாக்காதீங்க. ஓடாதீங்க, ஓடுனா அவனுக்குத் தெரிஞ்சுபோகும். நடங்க தம்பி. நல்லா எட்டு வச்சு நடங்க.